முதுகை மட்டும் காட்டிய படம்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொக்குவிலுக்கு வந்து கேட்டவற்றில் அநேகமானவற்றுக்கு நான் பதில் சொன்னேன். உலக யுத்தம் முடிந்த கையோடு ஃபிலிம் எங்கே கிடைக்கும், மாசிப் பனியில் காலை வெளிச்சத்தை எப்போது நம்பலாம், பழைய கமெரா வாங்குவதென்றால் எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்டீர்கள். தொழிலை விட்டு நெடுங்காலமான ஒருவனைத் தேடி வந்து இவ்வளவு கேட்டது எனக்குச் சந்தோஷம்தான். கதை என்ன என்று நான் கேட்டேன். உங்கள் ஊர்ப் பக்கம் துப்புத் துலங்காமல் கிடக்கிற ஒரு கொலைதான் கதை என்றீர்கள். கொலைகாரன் யாரென்று தெரியாதே, அவனை எப்படிக் காட்டுவீர்கள் என்றேன்.

"அது லேசு அண்ணை. முகத்தைக் காட்டமாட்டம். முதுகை மட்டும் காட்டுவம்" என்றார் உங்களில் ஒருவர்.

நான் தேத்தண்ணிப் பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து வேறு எதையோ கதைத்தேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். உங்களை ரயிலேற்ற நானும் என் மகளும் ஸ்டேசனுக்கு நடந்து வந்தோம். அவள் எங்களுக்கெல்லாம் பின்னால் வந்தாள். இரண்டு பக்கமும் வேலி நெருங்கி ஒழுங்கை ஒடுங்குகிற இடத்தில் உங்களில் ஒருவர் மரியாதையாக ஒதுங்கி, "நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ தங்கச்சி" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் நடந்த பிறகுதான் அவளும் நடந்தாள். வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை அவள், வெட்கப்படுகிற ஆள் இல்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அன்று நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது பேசாப் படக் காலத்தின் கடைசி. பட்டணத்துக்குப் பேசும் படம் வந்துவிட்டது. ஊர்களில் இன்னும் கூடாரம் அடித்துப் பேசாப் படந்தான் காட்டுவார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, என்ன நடக்கிறதென்று சனத்துக்குக் கதை சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் செய்தேன். மற்ற நேரங்களில் பட்டணத்தில் ஒரு போட்டோப் பிடிக்கும் ஸ்டூடியோவில் வேலை. அதன் சொந்தக்காரர், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடம் கையால் சுழற்றும் சினிமாக் கமெரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அவரை ஸ்டூடியோக்காரர் என்றே சொல்கிறேன். நல்ல மனுஷன். போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுன்னாகத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், அதற்கு முந்திய வருஷம், ஒரு பெண் கொல்லப்பட்டிருந்தாள். சந்தையில் வெங்காயம் விற்றுவிட்டு ஓலைக் கடகத்தோடு திரும்பியவள். பட்டப்பகல். இரண்டு புறமும் தென்னோலைக் கிடுகு வேலி அடைத்த ஒழுங்கை. காதுத் தோடு காதிலேயே இருந்தது. பொலிசார் வந்தார்கள், பலரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், ஒருவரையும் மறித்து வைக்கவில்லை. சில மாதத்தில் அந்தக் கொலையைச் சிந்தாகப் பாடி, அச்சடித்து, சந்தை வாசலில் நின்று விற்றார்கள். சனம் நெருக்கியடித்து வாங்கியது.

"பாட்டுக்கே சனம் இப்பிடி விழுந்தால் படத்துக்கு எப்பிடி விழும்? யோசிச்சுப் பாரும்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

யோசித்தோம். எங்களிடம் இருந்தது கமெராவும் மிச்சம் மீதி ஃபிலிமும் மட்டுந்தான். மற்றதெல்லாம் இரவல். பெண்ணாக நடிக்கப் பெண் கிடைக்காது என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாடகங்களில் பெண் வேஷம் கட்டும் இராசுவைப் பிடித்தோம். தூரத்தில் நிறுத்தி எடுத்தால் பெண்தான். கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் ஒழுங்கையால் வரும்போதெல்லாம் ஒரு நாய் விடாமல் குலைத்தது. "ஊர்ச் சனம் ஏமாறும், உவர் ஏமாற மாட்டார் போலை" என்று இராசு அந்த நாயைக் கும்பிட்டார். சிரித்துச் சிரித்துத்தான் அந்தப் படத்தை எடுத்தோம். இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எடுக்கிற நேரத்தில் யாருக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். உங்களுக்கும் இருக்கும்.

கொலைகாரனாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. மேடையில் இராவணனாக வந்து பல்லைக் கடிக்கிற ஒருவரிடம் கேட்டோம்.

"இராவணன் எண்டால் வாறன். அவன் செத்துப்போனான்" என்றார் அவர். "இவன் இன்னும் ஊருக்குள்ளை திரியிறானெல்லே."

முதுகைத்தானே காட்டப் போகிறோம், முகம் தெரியாதே என்று நானே அந்த வேஷத்தை எடுத்துக்கொண்டேன். எந்த ஊராருக்கும் மனத்தாங்கல் வராது, யாரையும் குற்றம் சொன்னதாக இருக்காது என்று எங்களுக்கு ஒரு திருப்தி. உங்கள் வாயில் வந்த அதே நியாயந்தான்.

உடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நாடகக்காரர் உடுப்பை எங்கே எடுப்பார்கள் என்பது உங்கள் தலைமுறைக்குத் தெரியுமோ தெரியாது. ஊருக்கு உடுப்பு வெளுக்கும் கட்டாடியாரிடம் எடுப்பார்கள். வெளுக்க வந்த பட்டு, சரிகை வேட்டி, சேலை எல்லாம் ஓர் இரவு மேடையேறி, மறுபடி வெளுபட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு ஒன்றும் நடவாததுபோலப் போய்ச் சேரும். எல்லாருக்கும் தெரிந்தும் தெரியாத வழக்கம் அது. அதில் ஒரேயொரு கட்டுப்பாடு உண்டு. ஓர் ஊரில் எடுத்த உடுப்பை அந்த ஊர் மேடையில் போடக் கூடாது. இராசு அதை எங்களுக்கு ஞாபகப்படுத்தினார். "இது மேடை இல்லையே" என்று நாங்கள் சொன்னோம். படம் பிடித்தது கொலை நடந்த கிராமத்துக்கு அடுத்த வெளியில். பட்டணத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகச் சோம்பல். அந்தப் பக்கத்துக் கட்டாடியாரிடமே பழைய சால்வை ஒன்று கேட்டோம். அவர் கொடியில் காய்ந்ததில் பழையதாக ஒன்றை உருவித் தந்தார்.

வெள்ளைச் சால்வை. நடுவில் சுருட்டு நெருப்பு பட்ட ஓட்டைக்கு, கட்டம் போட்ட சாறத் துண்டால் சதுரமாக ஓர் ஒட்டு. நான் அதைப் போர்த்திக்கொண்டு திரும்பி நின்றதும் அந்த ஒட்டு முதுகுக்கு நேரே வந்தது. மாற்றிப் போர்க்கப் போனேன்.

"விடும், விடும். அப்பிடியே இருக்கட்டும்" என்றார் ஸ்டூடியோக்காரர். "முகம் இல்லையெண்டால் அதே ஆள்தான் திரும்பவும் வாறான் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? அந்த ஒட்டுத்தான் அடையாளம்."

நல்ல யோசனை. தொழில் தெரிந்தவர் சொல்லும் யோசனை. படத்தில் நான் வருகிற இடமெல்லாம் அந்த ஒட்டை நேரே பார்த்துத்தான் கமெரா நின்றது.

முதலில் காட்டியது சுன்னாகத்தில், சந்தைக்குப் பக்கத்து வெளியில். நல்ல சனம். நான் திரைக்கருகில் நின்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெங்காயக் கடகத்தோடு பெண் வருகிறாள். வேலி மறைவிலிருந்து சால்வை போர்த்த முதுகு வெளிப்படுகிறது. அந்த நேரம் பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"டேய், உது நாகமுத்தற்றை சால்வையெல்லே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்து நானும் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனேன். நாகமுத்தர் யாரென்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு தெரிந்தது. கொலை நடந்த கிராமத்தில் புகையிலை செய்கிற கமக்காரர் அவர். மனைவி இறந்தவர். அந்த ஒட்டுப் போட்டது அந்த மனைவிதான். ஊர் முழுக்கத் தெரிந்த ஒட்டு. அதற்காக அவரை வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டு அதையே போர்த்துத் திரிந்திருக்கிறார். மேடை நாடகம் என்றால் ஓர் ஊரில் ஓர் இரவோடு முடிந்துவிடும். எண்ணெய் விளக்கில் ஒட்டும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. படம் அப்படியா? வெயிலில் பிடித்தது. ரீல் போன ஊருக்கெல்லாம் நாகமுத்தரின் சால்வையும் போனது. போன இடமெல்லாம் அது அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நடந்தது.

சிரிப்பு எப்படி வேறொன்றாக மாறியது என்பதைத்தான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை. யோசித்தார்கள், அவ்வளவுதான். படம் பிடித்தவர்கள் படித்த ஆட்கள், பட்டணத்து ஆட்கள், பொலிசில் பழக்கம் இருக்கும், அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். பெயரைச் சொன்னால் வழக்கு வரும் என்று முகத்தை மறைத்துச் சால்வையைக் காட்டிவிட்டார்கள். இது எவ்வளவு பொருத்தமான யோசனை பாருங்கள். நாங்கள் முகத்தைக் காட்டாமல் விட்டதே அதற்குச் சாட்சியாகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெறும் மேல். கையில் ஓர் உமல் பை.

"தம்பி, என்ரை பேர் நாகமுத்து" என்றார். "உங்கடை படத்திலை வாறவன்."

நான் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"ஒண்டு கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான். ஆரும் சொல்லித்தான் செய்தனீங்களோ? பொலிசிலை ஆரும்?"

"இல்லை ஐயா. ஆரின்ரை சால்வை எண்டே எங்களுக்குத் தெரியாது. கட்டாடியாரிட்டை இரவல் வாங்கினது."

"தெரியாதோ." அவர் உமலை மற்றக் கைக்கு மாற்றினார். "தெரிஞ்சு செய்திருந்தால் கோவிக்கலாம்."

ஸ்டூடியோக்காரர் உள்ளேயிருந்து வந்து, ஊரில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

"சொல்லேல்லை. அதுதானே கரைச்சல். சொன்னால் மறுமொழி சொல்லலாம். தோட்டத்துக்குக் கிணத்திலை தண்ணி இறைக்க வேணும். துலாவிலை ஏறி மிதிக்க ஆள் வேணும், பட்டையைப் பிடிச்சு ஊத்த ஒருத்தர், வாய்க்காலிலை தண்ணி மாற ஒருத்தர். நாங்கள் எல்லாரும் மாறி மாறித்தான் ஆளுக்காள் இறைக்கிறது. இப்ப கூப்பிட்டால் ஒருத்தனுக்கு வயித்துக்குத்து. மற்றவன்ரை மாட்டுக்குச் சுகமில்லை. என்ரை முறையிலை கிணறு சும்மா கிடக்குது. புகையிலை வாடத் தொடங்கீட்டுது."

உமலிலிருந்து அந்தச் சால்வையை எடுத்தார். வெளுத்து, மடித்து இருந்தது.

"இதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட ஏலாது. போடாமல் விட்டால், ஒளிச்சிட்டான் எண்டு கதைக்கினம். எரிச்சுப்போடுவம் எண்டு பாத்தன். எரிச்சால் அதுக்கும் ஒரு கதை வரும். நீங்களே சொல்லுங்கோ, நான் இதை என்ன செய்ய?"

சால்வையை மேசையில் வைத்துவிட்டு அவர் போனார்.

ஸ்டூடியோக்காரரும் இராசுவும் நானும் இருந்து கதைத்தோம். படத்தை நிறுத்துவது என்பதுதான் முதலில் எனக்குத் தோன்றியது. ஸ்டூடியோக்காரர் தலையை ஆட்டினார். "நிப்பாட்டினால், நாகமுத்தர் வந்து வெருட்டிப்போட்டார் எண்டு வரும். இல்லாட்டி ஏதோ குடுத்தார் எண்டு வரும். அந்தாள் இஞ்சை வந்ததை ரயிலிலை எத்தினை பேர் கண்டிருப்பினம்." அவர் சொன்னது சரி. இது கற்பனை என்று முதலில் எழுதிக் காட்டலாமா? எழுத்து ஓடும்போது சனம் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருக்கும். திரும்பப் பிடிக்க ஃபிலிம் இல்லை.

"ஆரின்ரை முதுகு எண்டு காட்டினால் முடிஞ்சுதே" என்றார் இராசு. "சால்வையைத் தெரிஞ்ச சனத்துக்கு முதுகையும் தெரியட்டும். ஆனால் அந்த ஊரிலையே காட்ட வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அவசரத்தில் ஒரு முடிவு எடுக்கும்போது அது யாரைக் காப்பாற்றும் என்று மட்டுந்தான் மனம் பார்க்கும். அன்று எனக்கு அந்த வாடுகிற புகையிலை மட்டுந்தான் கண்ணில் நின்றது. சரி என்றேன்.

வீட்டில் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒருத்தற்றை பேர் வெளுக்க வேணுமெண்டால் இன்னொருத்தற்றை பேர் கறுக்க வேணுமோ? எங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு" என்றாள்.

"முதுகு என்ரை எண்டு தெரியிறவரைக்கும் அந்தாளை ஒருத்தரும் நம்பாயினம்."

"உங்களை நம்புவினமோ?"

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும், "அப்ப நாங்களும் வாறம்" என்றாள். "பெண்சாதி பிள்ளையோடை வந்து நிக்கிற மனுஷனை ஒருத்தரும் பிழையா நினையாயினம்." புத்தியான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. மகளுக்கு அப்போது ஏழு வயது. அதுவரை அந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. அப்பா திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கிராமத்துக்கு அதிகாரியான விதானையாரிடம் அனுமதி கேட்டுக் கூடாரம் அடித்தோம். பொழுது பட்டதும் சனம் வந்து நிறைந்தது. நாகமுத்தரை முன்னால் கதிரையில் இருத்தச் சொன்னோம். அவருக்குப் பக்கத்துக் கதிரைகள் இரண்டு பக்கமும் வெறுமையாகவே கிடந்தன. கொஞ்சம் தள்ளிப் பாயில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

படம் ஓடியது. பெண் வந்தாள். வேலி மறைவிலிருந்து முதுகு வெளிப்பட்டதும் யாரும் திரையைப் பார்க்கவில்லை, நாகமுத்தரைப் பார்த்தார்கள். நான் கையைக் காட்ட, ஸ்டூடியோக்காரர் நிறுத்தினார். காஸ் லாம்பை முன்னால் கொண்டு வந்தார்கள்.

நான் நடந்ததைச் சொன்னேன். சால்வை இரவல், முதுகு என்னுடையது, கதை எங்கள் கற்பனை, கொலை செய்தவன் யாரென்று உங்களைப் போல எங்களுக்கும் தெரியாது. நான் வாய்கொண்டு பிழைப்பவன். அன்று நன்றாகத்தான் சொன்னேன்.

"உதுவும் கதைதானே" என்றான் ஒருவன், சத்தம் போடாமல். "நீர் கதை சொல்லத்தானே வந்தனீர்."

சனத்தில் ஒரு முனகல். நாகமுத்தர் அசையவில்லை.

நான் சால்வையை எடுத்து விரித்தேன். போர்த்தினேன். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படத்தில் நடந்தபடியே, தலையைக் குனிந்து, வலது தோளை உயர்த்தி, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கேட்கத்தான் முடிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நம்பவில்லை என்று நினைத்து, திரும்பி மறுபடி நடக்க எத்தனித்தேன்.

அப்போது என் மகள் அழுதாள்.

"அது அப்பா. அம்மா, அது எங்கடை அப்பா."

என் முழுப் பேச்சும் செய்யாததை அந்தக் குரல் செய்தது. அந்தக் கூடாரத்தில் இருந்த ஒருவருக்கும் அதன்பிறகு சந்தேகம் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தன் தகப்பனின் முதுகு தெரியாதா? கட்டாடியார் பின்னால் எழும்பி நின்றார். "நான்தான் குடுத்தனான். பிழை என்னிலை" என்றார். ஒரு கிழவர், "அப்ப என்ரை சரிகை வேட்டியும் எங்கையாவது இராசா வேஷம் கட்டியிருக்குமோ?" என்றார். கூடாரம் வெடித்துச் சிரித்தது. ஆளுக்காள் தங்கள் வேட்டி, சால்வை, சேலைகளை விசாரிக்கத் தொடங்கினார்கள். வயிற்றுக்குத்துக்காரர் எழும்பி வந்து நாகமுத்தருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, "விடிய வாறன், இறைப்பம்" என்றார். நான் அதை என் காதால் கேட்டேன்.

மிச்சப் படத்தையும் காட்டச் சொன்னார்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் மறுபடி ஒரு கதை முளைக்கும். காட்டினோம். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நடக்கிறாள், பின்னால் அந்த முதுகு வருகிறது, அவளுக்குத் தெரியாது. அடிக்கடி சொல்லிப் பழகிய வசனம். சொல்லிக்கொண்டே பாயைப் பார்த்தேன். மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். தாயின் மடியில் இருந்தபடி கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு அந்த முதுகு யாருடையது என்று தெரியும்.

அதைவிட எனக்கு இன்னொரு நினைப்பும் வரும். அந்தப் பெண்ணைக் கொன்றவனும் அன்று அந்தக் கூடாரத்தில் இருந்திருக்கலாம். ஊர் ஆள் என்றால் வராமல் இருந்திருக்க மாட்டான், வராவிட்டால் தேடுவார்கள். கொன்றது நாகமுத்தர் இல்லை என்பது, நாகமுத்தரை விட்டால், என் முதுகைப் பார்க்காமலே தெரிந்திருந்த ஒரே ஆள் அவன்தான். சனத்தோடு சனமாக அவனும் சிரித்திருப்பான். தன் வேட்டியையும் விசாரித்திருப்பான்.

நாகமுத்தரின் புகையிலை பாதி தப்பியது. கிணற்று முறை திரும்பக் கிடைத்தது. என்றாலும் அவர் ஒரு மாதிரித்தான் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த போகத்தோடு காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வன்னிப் பக்கம் போய்விட்டாராம். சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்தார். "அது இப்ப உம்மடை" என்றார். குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். மனைவி தைத்த ஒட்டு அது. அதற்குப் பிறகு அதை அவரால் தொட முடியவில்லை.

கொலை இன்றைக்கும் துலங்கவில்லை. ரீலை ஸ்டூடியோக்காரர் தன் கையால் எரித்தார். நான் கொஞ்சக் காலம் வேறு படங்களுக்குக் கதை சொன்னேன். எந்த ஊருக்குப் போனாலும் சனம் முதலில் என் முதுகைப் பார்ப்பதுபோல ஓர் எண்ணம். சுன்னாகம் சந்தையில் ஒரு பெண் தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்து மற்றப் பக்கம் விட்டாள். தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் தொழிலில் வருகிற காயம். சொல்லிவிட்டால் ஆறும். ஆறாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்று படம் முடிந்து மாட்டு வண்டில் நின்ற இடத்துக்கு ஓர் ஒழுங்கையால் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல நான் மனைவியையும் மகளையும் முன்னால் விட்டு, லாம்போடு பின்னால் நடந்தேன். வெளிச்சம் அவர்களுக்கு முன்னால் விழ வேண்டும் என்று. எந்தத் தகப்பனும் அப்படித்தான் நடப்பான். கொஞ்சத் தூரம் போனதும் மகள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா, நீங்கள் முன்னாலை போங்கோ."

"ஏன் பிள்ளை, இருட்டெல்லே."

"நீங்கள் முன்னாலை போங்கோ."

போனேன். அதிலிருந்து நான்தான் முன்னால். பள்ளிக்கூடத்துக்கும், கோயிலுக்கும், ஸ்டேசனுக்கும். நாங்கள் அதைப் பற்றிக் கதைக்காமல் இல்லை. வளர்ந்த பிறகு அவளே சிரிப்பாள். "எனக்குத் தெரியாதோ அப்பா, அது நடிப்பெண்டு" என்பாள். எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் ஒழுங்கையில் என் காலடி தனக்குப் பின்னால் கேட்டால் அவளுடைய கால் நின்றுவிடும். அது அவளைக் கேட்டு நிற்பதில்லை. அவளுக்கு இருபது வயதாகிறது. எனக்கும் வயது ஏறுகிறது. அவள் தனியே பள்ளிக்கூடம் போய்வரும் பாதையில் அவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க என்னால் போக முடியாது. இந்த ஊரில் ஒரு தகப்பனுக்கு இருக்கக் கூடிய பயம் எல்லாம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அவளுக்குப் பின்னால் நிற்கக் கூடாத ஒரு ஆளாக நான் ஆகிவிட்டேன்.

உங்கள் படத்தை எடுங்கள். எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் கொலைகாரனுக்கு ஒரு முகம் கொடுங்கள். பொய் முகமாக இருக்கட்டும், ஒரு நடிகனின் முகமாக இருக்கட்டும், சனம் பார்த்து, இது இன்னார் நடித்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். முகம் இல்லாத முதுகைச் சனம் வெறுமையாக விடாது. யாருடையதையாவது கொண்டுவந்து அதில் வைக்கும். அந்த வேஷத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் அந்தக் கதையையே விட்டுவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரயில் போன பிறகு நாங்கள் இருவரும் திரும்பி வந்தோம். வெயில் சாய்ந்து ஒழுங்கை நிறைய வெளிச்சம் இருந்தது. எனக்கு ஏதோ ஓர் ஆசை. நின்று, வேலியோரம் ஒதுங்கி, "பிள்ளை, இண்டைக்கு நீ முன்னாலை நட பாப்பம்" என்றேன்.

அவள் நடக்கப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். என்னைக் கடந்து இரண்டு மூன்று அடி வைத்தாள். நான் அசையாமல் நின்றேன். அவளுடைய தோள் மெல்ல உயர்ந்தது. பிறகு வேலிக் கிடுகைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்.

"ஏலாது அப்பா. நீங்கள் நடவுங்கோ. நான் வாறன்."

நான் அவளைக் கடந்து முன்னால் நடந்தேன். கொஞ்சம் பொறுத்து அவளுடைய காலடி எனக்குப் பின்னால் கேட்டது.